ராத்தாவின் மல்பெரி

பதியுதீன் சாரப் பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறிய மறுநாள் காலை, ஹாஜறா மல்பெரி மரத்தை வெட்டினாள்.

பிள்ளை றாவியா குர்ஆன் ஓதப் போயிருந்தாள். கச்சான் காற்று விடிந்ததிலிருந்தே சூடாக வீசி, வளவு மணலை அள்ளிக் கிடுகு வேலியில் அடித்துக்கொண்டிருந்தது. ஹாஜறா முந்தானையை இடுப்பில் செருகினாள். விறகு கொத்தும் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். கிணற்றுக்கும் தறிக் கொட்டிலுக்கும் நடுவில் நின்ற மரம் அது. அந்த வெள்ளை மணல் வளவில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது அது ஒன்றுதான்.

எட்டிய கிளையை எல்லாம் தறித்தாள். எட்டாததை வளைத்துப் பிடித்துத் தறித்தாள். வெட்டிய இடமெல்லாம் வெள்ளையாகப் பால் வடிந்து கையில் பிசுபிசுத்தது. நெஞ்சளவு அடிமரம் மட்டும் மிஞ்சியபோது கத்தி உள்ளே இறங்கவில்லை. மேலும் மேலும் ஓங்கிப் போட்டாள். பட்டை தெறித்ததே தவிர மரம் அசையவில்லை. உள்ளங்கை கொப்புளம் போட்டுவிட்டது. கத்தியை மணலில் எறிந்துவிட்டு, தறித்துப் போட்ட குழைகளுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

வேலிக்கு மேலால் ஆசியா உம்மாவின் தலை தெரிந்தது. பக்கத்து வளவுக்காரி. ஆடு வளர்ப்பவள்.

"என்னகா செய்யிறாய் நீ? ராத்தாட மரத்தயா வெட்டிப் போட்டிரிக்காய்?"

"தறிக்குள்ள வெளிச்சமில்ல மாமி. நிழல் கூடிப் போச்சு."

"உண்ட மச்சான் வந்து கேட்டா என்ன சொல்லப் போறாய்?"

"இதத்தான் சொல்லுவன்."

ஆசியா உம்மாவின் கண் தறித்துக் கிடந்த குழையில் விழுந்தது. பிறகு, "மெய்தான், வெட்டினது வெட்டினதுதானே. குழையக் கட்டித் தாவன், ஆட்டுக்குப் போடுவம்" என்றாள்.

ஹாஜறா குழையைக் கட்டி வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தாள்.

வெள்ளம் வந்து ஊரையே புரட்டிப் போட்ட வருடத்துக்கு முன்னே நடந்தது இது. அப்போது கிழக்குக் கரையோர மருதமுனையில் எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். ஆண்கள் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரங்களைப் பொதியாகக் கட்டி மலைநாட்டுத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய் விற்பது பதியுதீனின் தொழில். ஒரு முறை பண்டாரவளையில் ஒரு பங்களா வாசலில் துணியை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றபோது, தோட்டக்காரன் ஒரு கைப்பிடி பழம் கொடுத்தான். கறுத்த பழம். தின்றால் நாக்கு ஊதாவாகிவிடும். பெண்சாதிக்கென்று கொஞ்சத்தை மடியில் முடிந்துகொண்டு வந்தான். வீடு வந்து பார்த்தால் மடியில் கறை மட்டும்தான் இருந்தது.

அந்தப் பெண்சாதி நபீஸா, ஹாஜறாவின் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள். அவள் சாரத்துக் கறையை மூக்கில் வைத்து முகர்ந்தாள். "எனக்கு இந்த மரம் வேணும் மச்சான்" என்றாள். அடுத்த பயணத்தில் விரல் பருமனில் சில தடிகளை ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். மற்றவை பட்டுப் போக, ஒன்று மட்டும் கண் விட்டது.

அதை அவள் வளர்த்த விதம் தெருவுக்கே கதையாகிப் போனது. அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். ஆசியா உம்மாவின் ஆடு ஓர் இலையைக் கடித்துவிட்டதென்று இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லாமல் கிடந்தது. ஒரு கிளையை முறிக்க விடமாட்டாள். ஓர் இலை பழுத்து விழுந்தால்கூட எடுத்துப் பார்ப்பாள். மரம் வளர்ந்தது. காட்டுச் செடி போல இலை விட்டது. ஆனால் காய்க்கவில்லை. "காய்க்கும், காய்க்கும். அதுக்கென்ன அவசரம்" என்பாள். இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, "இவன் பிறக்கக்குள்ள பழம் வரும் பாருங்க" என்றாள். பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பிறகு வந்த காய்ச்சலோடு அவளும் போய்விட்டாள்.

நபீஸாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வேலிக் கடப்பைத் தாண்டித் தெருவுக்கு இறங்கியபோது, மூன்று வயதுப் பிள்ளை றாவியா மூச்சு நின்றுவிடும் போல அலறினாள். யாராலும் பிடிக்க முடியவில்லை. ஹாஜறா அவளைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அழாத மகள். இந்தா பார், இந்த மரத்தில பழம் வரும். பழம் வந்தா உம்மாவும் வந்திடுவா."

காய்க்காத மரம் என்ற தைரியத்தில் சொன்னது. பிள்ளை விக்கி விக்கி அடங்கிப் போனாள். பிள்ளைகள் எதையும் மறந்துவிடும் என்றுதான் ஹாஜறா நினைத்தாள்.

வருடம் இரண்டாகியும் றாவியா மறக்கவில்லை. ஓதிவிட்டு வந்ததும் சிரட்டையில் தண்ணீர் மொண்டு மரத்துக்கு ஊற்றுவாள். எட்டுகிற இலையை எல்லாம் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். பிறகு எதுவும் நடக்காதது போல வந்து சோற்றுக்கு உட்காருவாள்.

இதற்கிடையில் ஹாஜறாவுக்கும் பதியுதீனுக்கும் நிக்காஹ் முடிந்தது. பிள்ளையைப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவான். தாய் தகப்பன் கட்டிய ஒரே வீடு மூத்தவளுக்குச் சீதனமாகப் போனது. இளையவளுக்கு வீடு கட்டுமுன் இருவரும் மௌத்தாகிவிட்டார்கள். வீடில்லாத பெண்ணைக் கேட்டு யார் வருவது? ஹாஜறா ராத்தாவின் வீட்டில் ராத்தாவின் தறியில் நெய்துகொண்டு காலத்தை ஓட்டினாள். ராத்தா போனாள். வீடும் கிடைத்தது, மாப்பிள்ளையும் கிடைத்தான்.

"அல்லாஹ் எடுத்த கையால குடுத்திட்டான் பாத்தியா" என்று கல்யாணத்துக்கு வந்த ஒருத்தி சொன்னாள். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். அன்றிலிருந்து ஹாஜறாவுக்கு ஒரு கேள்வி உள்ளே விழுந்துவிட்டது. ராத்தா உயிரோடு இருந்த காலத்தில், இந்த வீடு எனக்கென்று இருந்தால் என்ன என்று ஒரு நாளாவது நினைத்தேனா? நினைத்ததாக ஞாபகமில்லை. நினைக்கவில்லை என்று அடித்துச் சொல்லவும் வரவில்லை.

ராத்தாவின் மாப்பிள்ளையாக இருந்தபோதும் அவள் அவனை மச்சான் என்றுதான் கூப்பிட்டாள். இப்போதும் மச்சான்தான். அவன்தான் அவளை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல், கூப்பிடாமலே காலம் கழித்தான். நபீஸாவின் பேரை அவன் வாய் திறந்து சொல்லி அவள் கேட்டதே இல்லை.

பதியுதீன் பதுளைக்குப் புறப்பட்ட அன்று பிள்ளை சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "சாச்சி, வேற ஊட்டு மரத்தில பழம் வந்தா, உம்மா அந்த ஊட்டுக்குப் போயிடுவாவா?"

ஹாஜறா கையிலெடுத்த சோற்றை மறுபடி பீங்கானில் போட்டாள். மரம் இருக்கும் வரைக்கும் இது தீராது. மரம் இல்லாவிட்டால் பழமில்லை. பழமில்லாவிட்டால் காத்திருக்கவும் ஒன்றுமில்லை. இதைத்தான் அவள் கத்தியை எடுத்தபோது யோசித்தாள்.

ஓதிவிட்டு வந்த றாவியா மொட்டை மரத்தின் முன்னால் நின்றாள். அழுவாள் என்று ஹாஜறா கொட்டிலுக்குள் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. வடிந்து காய்ந்த பாலை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"மரத்துக்கு நொந்திருக்குமா சாச்சி?"

"மரத்துக்கு நோகாது மகள்."

"உம்மா ஏசமாட்டாவா?"

ஹாஜறா தறிப் பக்கம் திரும்பினாள். நாடாவை இங்கும் அங்கும் தட்டி நெசவைத் தொடர்ந்தாள். பிள்ளை கிணற்றடிக்குப் போய்ச் சிரட்டையில் தண்ணீர் மொண்டு வந்து, அந்த மொட்டைக்கு ஊற்றினாள். மறுநாளும் ஊற்றினாள். அதற்கு அடுத்த நாளும்.

பட்டையில் முதலில் கடுகு போல முளை கட்டியது. பிறகு பச்சை மூக்காக நீண்டது. அடிமரத்தைச் சுற்றிப் புதுத் தளிர் புறப்பட்டது. அதிலென்ன, வெட்டினால் தளிர்க்கத்தான் செய்யும் என்று ஹாஜறா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் இந்தத் தளிர்கள் வெறுமனே வரவில்லை. ஒவ்வொரு இலைக் காம்பின் அடியிலும் பச்சையாக, சுருண்ட மயிரோடு, ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. ஆசியா உம்மாதான் வேலியோரம் வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதென்னகா, மசுக்குட்டி மாதிரி? இலைக்கு இலை ஒட்டிக் கிடக்கு."

ஹாஜறா கிட்டப் போனாள். ஒன்றைக் கிள்ளி நசுக்கினாள். அது புழு அல்ல. காய்.

 மரத்தைப் பிடிக்கப் போய், தீயைத் தொட்டவள் போல கையை இழுத்துக்கொண்டாள். கொல்லப் போன மரம். அவ்வளவு பாசமாக வளர்த்தவளுக்கு ஒரு காயைக்கூடக் காட்டாத மரம். வெட்டியவளுக்கு இப்படிக் காய்த்துக்கொண்டு நிற்கிறது. அன்று முழுவதும் தறியில் உட்காருவதும் எழும்புவதுமாக இருந்தாள். அந்தத் தறிக் குழியில் மிதிபலகைக்குக் கீழே ராத்தாவின் குதிகால் தேய்த்த பள்ளம் இன்னும் இருந்தது. தன் கால் அதற்குள் போய்ச் சரியாகப் பொருந்துவதை அவள் அன்றுதான் கவனித்தாள்.

காய்களைப் பிள்ளைக்குத் தெரியாமல் உருவி எறிந்துவிடலாம் என்று நினைத்தாள். கை வரவில்லை. றாவியா அதற்குள் பார்த்துவிட்டாள்.

"சாச்சி! சாச்சி! பழம் வந்திட்டு!"

"அது பழமில்ல மகள். காய்."

"எப்ப பழமாகும்?"

"எனக்குத் தெரியாது."

"பழமாகுற அண்டைக்கா உம்மா வருவா? இல்லாட்டிப் பறிக்கிற அண்டைக்கா?"

பச்சை சிவப்பாகத் தொடங்கிய நாளில் பதியுதீன் வந்து சேர்ந்தான். வளவுக்குள் கால் வைத்தவன் பொதியை இறக்காமலே மரத்தின் முன்னால் நின்றுவிட்டான். ஏசுவான் என்று ஹாஜறா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"நீதான் வெட்டினாயா?"

"ஓம் மச்சான்."

அவன் ஒரு தளிரை வளைத்துப் பார்த்தான். முதலில் சிவந்திருந்த ஒரு பழத்தைத் தொட்டான், பறிக்கவில்லை.

"வெட்டினாத்தான் காய்க்கும் எண்டு அந்தத் தோட்டக்காரன் சொன்னவன். நான் அவக்கிட்டச் சொன்னனான். விடல்ல அவ." அவ்வளவுதான் சொன்னான். நபீஸாவைப் பற்றி அவன் வாயால் ஹாஜறா முதன்முதலாகக் கேட்டது அதுதான். அவள் எதிர்பார்த்த கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

றாவியா ஓடிவந்து அவன் சாரத்தைப் பிடித்துக்கொண்டாள். "வாப்பா, பழம் வந்திட்டு. இனி உம்மா வருவா. சாச்சி சொன்ன."

பதியுதீன் திரும்பி ஹாஜறாவைப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள். இப்போது அவன் பிள்ளைக்கு ஏதாவது சொல்வான், ஆண்பிள்ளை, நாலு ஊர் பார்த்தவன், அவன் சொன்னால் பிள்ளை கேட்கும் என்று அவள் உள்ளே கெஞ்சினாள்.

"ஓம் மகள்" என்றான் பதியுதீன். சொல்லிவிட்டுப் பொதியை இறக்கி வைத்து, கிணற்றடிக்குக் குளிக்கப் போனான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்தவற்றை ஹாஜறா உடனே யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

றாவியா ஒரு பழத்தைக்கூட யாரையும் பறிக்க விடவில்லை. தானும் தின்னவில்லை. பெருநாள் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, கடப்படியில் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்தாள். யாரோ வருகிற சத்தம் கேட்டால் எழும்புவாள். ஆள் கடந்து போனால் உட்காருவாள். சோற்றுக்குக் கூப்பிட்டால், "உம்மாவும் வரட்டும்" என்றாள். தேங்காய்ப்பாலில் காய்ச்சிய சூடை மீன் பாலாணம் அவளுக்கு உயிர். அதைக்கூடத் தொடவில்லை.

பதியுதீன் வந்தால் இரண்டாம் நாள் சாரம் எடுக்க வீடு வீடாகப் போகிறவன். இந்த முறை போகவில்லை.

"பதுளைக்குப் போகல்லியா மச்சான்?"

"போவம். கொஞ்ச நாள் கழிச்சிப் போவம்."

அவன் தாடியை ஒதுக்கிக்கொண்டான். கல்யாண வீட்டுக்குக் கட்டும் வெள்ளைச் சாரத்தை எடுத்துக் கட்டினான். கொட்டிலுக்குள் பலகையைப் போட்டு, கடப்பைப் பார்த்து உட்கார்ந்தான். நூல் சிக்கெடுப்பது போல ஒரு கண்டு நூலைக் கையில் வைத்திருந்தான். அவன் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்த பிறகும் அதே சிக்கு அப்படியே இருந்தது.

அவனுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று ஹாஜறா பயந்தாள். பிறகுதான் தன்னைப் பார்த்தாள். மூன்று நாளாக வீட்டைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறாள். அரிக்கன் லாம்புச் சிமினியைச் சாம்பல் போட்டுத் துலக்கியிருக்கிறாள். பெட்டியின் அடியில் கிடந்த ராத்தாவின் பச்சைச் சாறியை எடுத்து வெயிலில் காயப் போட்டிருக்கிறாள். பூச்சி அரித்துவிடும் என்று அவள் சொல்லிக்கொண்டாள். இத்தனை நாளும் அரிக்காத பூச்சியா இப்போது அரிக்கப் போகிறது?

அரிசி அளக்கும்போது கை தானாக ஒரு சுண்டு கூடப் போட்டது.

அவள் வந்தால், என்று ஹாஜறாவுக்குத் தோன்றியது. வரமாட்டாள், மண்ணுக்குள் போனவள் வரமாட்டாள். ஆனால் வந்தால்? கடப்பைத் தாண்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, என் மரம் எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தால், நான் எங்கே போவேன்? இந்த வீட்டில் எனக்கென்று என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாள். ஒரு தகரப் பெட்டி. அதற்குள் சொந்தத்தில் நெய்த இரண்டு சாறி. மற்றதெல்லாம் ராத்தாவுடையது. பாய், பானை, தறி, கிணற்று வாளி, மச்சான், பிள்ளை. பெட்டியை எங்கே வைத்தோம் என்று அவள் கண் தேடியது. தேடியதை உணர்ந்ததும் விளக்குமாற்றை எடுத்து மறுபடி பெருக்கத் தொடங்கினாள்.

பழங்கள் கறுத்து உதிர்ந்தன. மரத்தடி மணல் ஊதாக் கறையாகிக் கிடந்தது. எறும்பு மொய்த்தது. குருவிகள் எங்கிருந்தோ கேள்விப்பட்டது போல வந்து கொத்தின. றாவியா மட்டும் நல்ல பழங்களாகப் பார்த்து ஒரு பீங்கான் கோப்பையில் சேர்த்து வைத்தாள். காலையில் சேர்த்தது மாலையில் புளித்துப் போகும். கொட்டிவிட்டு மறுபடி சேர்ப்பாள்.

வியாழக்கிழமை பின்னேரம் ஆசியா உம்மா நெருப்புச் சட்டிக்குக் கனல் கேட்டு வந்தாள். மரத்தடியையும் கடப்படியையும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"ஹாஜறா, நான் சொல்லுறனெண்டு கோவிக்காத. அந்தப் புள்ளைக்கு என்னத்தச் சொல்லி வெச்சிரிக்காய்?"

ஹாஜறா சொன்னாள். முதன்முதலாக ஓர் ஆளிடம் சொன்னாள்.

"அட அல்லாஹ்வே! இண்டைக்குப் பொழுது பட்டா வெள்ளி இரவு, மௌத்தானவங்கட ரூஹெல்லாம் ஊட்டு வாசலுக்கு வாறது தெரியாதா உனக்கு? சும்மாவே வாறது. நீங்க மூணு பேரும் இப்படிக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தா, அது போகுமாகா மறுகா? கடப்படியிலயே நிக்குமே! அதுக்கும் நிம்மதியில்ல, உங்களுக்கும் நிம்மதியில்ல."

"இப்ப நான் என்ன செய்யிற மாமி?"

"எனக்கென்ன தெரியும்? சாம்பிராணி போடு. யாசீன் ஓதச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஆசியா உம்மா கனலோடு சுறுக்காகப் போய்விட்டாள். எப்போதும் கடப்படியில் நின்று கதைத்துவிட்டுத்தான் போவாள். அன்று நிற்கவில்லை.

சூரியன் மேற்கே வயல்களுக்கு அப்பால் இறங்கிக்கொண்டிருந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொல்ல இன்னும் சற்று நேரம் இருந்தது. காற்று புழுதியைக் கிளப்பி ஒழுங்கையை மறைத்துக்கொண்டிருந்தது. பதியுதீன் கிணற்றடியில் கை கால் கழுவித் தொழுகைக்கு ஒழுச் செய்துகொண்டிருந்தான். ஹாஜறா லாம்புக்குத் திரி ஏற்றிக்கொண்டிருந்தாள். அப்போது றாவியாவின் குரல் கேட்டது. சத்தமில்லாத, மிக மரியாதையான குரல்.

"வந்திட்டீங்களா?"

ஹாஜறா நிமிர்ந்தாள். கடப்படியில் ஒரு பெண் நின்றாள். புழுதிக்காகச் சாறித் தலைப்பைத் தலையோடு இழுத்து மூடி, முகம் பாதி மறைந்திருந்தது. நடுத்தர உயரம், மெலிந்த தோள். ஹாஜறாவின் கையிலிருந்த நெருப்புப் பெட்டி விழுந்தது. கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது.

றாவியா பீங்கான் கோப்பையை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டிக்கொண்டு நின்றாள். "உங்களுக்குத்தான் வெச்சிருந்தன். நீங்கதானே எங்கட உம்மா?"

அந்தப் பெண் குனிந்து பிள்ளையைப் பார்த்தாள். தலைப்பை விலக்கினாள். நெற்றியில் குங்குமம் இருந்தது.

"இல்ல புள்ள. நான் பக்கத்துப் பாண்டிருப்பு. தங்கேஸ்வரி." பிறகு வளவுக்குள் நிமிர்ந்து, மூச்சு நின்று போய் நின்ற இரண்டு பேரையும் பார்த்தாள். "இஞ்ச ஏதோ புளிப்புப் பழம் காய்ச்சிக் கிடக்கெண்டு சந்தையில கதைச்சாங்க. என்ட மகள் புள்ளத்தாச்சி. ஒண்டும் வயித்தில தங்குதில்ல. ரெண்டு பழம் தருவீங்களோ எண்டு கேப்பமெண்டு வந்தன்."

ஹாஜறா எப்படி நடந்து கடப்படிக்குப் போனாள் என்று அவளுக்கே தெரியாது. கோப்பையை வாங்கித் தங்கேஸ்வரியின் முந்தானையில் கொட்டினாள். மரத்துக்குப் போய் செம்பழமாக இன்னும் ஒரு பிடி பறித்து வந்தாள். றாவியா தடுக்கவில்லை. தங்கேஸ்வரி முந்தானையை முடிந்துகொண்டாள்.

"இந்தப் புள்ளைக்குத் தாயில்லையா?"

"இல்ல. என்ட ராத்தாட பிள்ள."

தங்கேஸ்வரி றாவியாவின் தலையில் கையை வைத்தாள். ஏதோ சொல்ல வந்து சொல்லாமல், இருட்டுமுன் போகவேண்டும் என்று புழுதிக்குள் நடந்து மறைந்தாள்.

"அது உம்மா இல்லையா சாச்சி?"

"இல்ல மகள். பொட்டு வெச்சிருந்தாவே, காணல்லியா?"

"உம்மா பொட்டு வைக்கமாட்டாவா?"

ஹாஜறாவுக்குச் சுருக்கென்றது. "உம்மாட முகம் உனக்கு..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"எனக்குத் தெரியாதே" என்றாள் றாவியா. "வந்தா அவ சொல்லுவாதானே, நான்தான் உம்மா எண்டு."

படம் பிடித்து வைக்கும் வழக்கம் அந்த வீடுகளில் இல்லை. மூன்று வயதில் பார்த்த முகம் பிள்ளையின் கண்ணிலிருந்து எப்போதோ அழிந்துவிட்டிருந்தது. இத்தனை நாளும் கடப்படியில் உட்கார்ந்திருந்தவளுக்கு, ஒழுங்கையால் போன ஒவ்வொரு பெண்ணும் உம்மாவாக இருந்திருக்கலாம். மீன்காரி, நூல்காரி, ஆசியா உம்மாவின் மருமகள், யாராக இருந்தாலும்.

ஹாஜறா மணலில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பிள்ளையின் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"றாவியா, கேள் மகள். உம்மா வரமாட்டா. உம்மா மௌத்தாப் போயிட்டா. மையவாடியில அடக்கியிரிக்கி. பழம் வந்தாலும் வரமாட்டா, என்ன வந்தாலும் வரமாட்டா."

"நீங்கதானே சொன்ன, வருவா எண்டு?"

"நான் பொய் சொன்னன்."

"வாப்பாவும் சொன்னாரே."

"வாப்பாவும் பொய்தான் சொன்னார்."

பாங்கு ஒலித்தது. பிள்ளை அவள் கையை உதறிவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தாள். பதியுதீன் நனைந்த கையோடு அங்கேயே நின்றான். பிள்ளை அவன் முன்னால் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"உம்மா வரமாட்டாவா வாப்பா?"

அவன் நனைந்த கையைச் சாரத்தில் துடைத்தான்.  ஹாஜறா கடப்படியிலிருந்து அவனையே பார்த்தாள். சொல்லுங்க மச்சான் என்று அவள் உதடு அசைந்தது.

"வரமாட்டா மகள்" என்றான் பதியுதீன். சொல்லி முடித்ததும் கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துவிட்டான். அன்று அவன் மஃரிபுக்குப் பள்ளிக்குப் போகவில்லை. வீட்டிலேயே தொழுதான்.

றாவியா அழுதாள். சந்தூக்கு போன நாளில் நிறுத்தப்பட்ட அழுகை அப்படியே மிச்சமிருந்தது போல அழுதாள். ஹாஜறாவை அடித்தாள், கையைக் கடித்தாள். ஹாஜறா பிடியை விடவில்லை. எந்தப் பொய்யும் சொல்லவில்லை. அழுது களைத்து அவள் மடியிலேயே தூங்கிப் போனாள் பிள்ளை.

மறுநாள் ஜும்மாவுக்குப் பிறகு மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். றாவியா சூடை மீனை முள்ளெடுத்துத் தின்றாள்.  கை கழுவிவிட்டுக் கொட்டில் நிழலுக்கு வந்தபோது, பிள்ளை தானாகப் போய் நாலைந்து பழத்தைப் பறித்து வாயில் போட்டாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னும் பறித்தாள்.

"உம்மா எப்படி இரிப்பா?" என்று கேட்டாள். ஊதா வாயோடு, இருவரையும் பொதுவாகப் பார்த்து.

ஹாஜறா மச்சானைப் பார்த்தாள். அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லமாட்டான் என்று நினைத்து அவள் வாயெடுக்கப் போன நேரம் அவன் பேசத் தொடங்கினான்.

"உம்மா கறுப்புமில்ல, வெள்ளையுமில்ல. சிரிச்சா வாயப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா. முன் பல்லு கொஞ்சம் தூக்கல். அதுக்கு வெக்கம்." சொல்லச் சொல்ல அவன் குரல் திறந்துகொண்டது. "நடந்தா சத்தமே கேக்காது. பின்னால வந்து நிண்டு பயங்காட்டுவா."

"மச்சானத்தான் பயங்காட்டுவா" என்றாள் ஹாஜறா. "என்னக் குட்டுவா. தறியில ஒரு இழை பிழைச்சாலும் குட்டுத்தான்."

பிள்ளை சிரிக்கவில்லை, ஆனால் கிட்டே வந்து உட்கார்ந்தாள். "மறுகா?"

"மறுகா, கன்னத்தில ஒரு மச்சம் இரிக்கி. மிளகு மாதிரி" என்றான் பதியுதீன். "இடப்பக்கம்."

"இல்ல மச்சான். வலப்பக்கம்."

"இடப்பக்கம்தான். நான் நேர பாத்தவனில்லையா?"

"சின்னதிலயிருந்து ஒரே பாயில படுத்தவள் நான். எனக்குத் தெரியாதா?"

இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள்.  பதியுதீனின் முகத்தில் ஒரு பீதி வந்து போனதை ஹாஜறா கண்டாள். காத்திருந்த நாட்களில்கூட அவன் முகத்தில் அப்படி ஒன்றை அவள் பார்க்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தான். மறுபடி திறந்தான்.

"இந்தா, காட்டுறன்" என்றான் பிள்ளையிடம்.

எழுந்து வந்து ஹாஜறாவின் முன்னால் உட்கார்ந்தான். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். கல்யாணமாகி ஒரு வருடமாகியும் பகல் வெளிச்சத்தில் அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. விரலை நீட்டினான். விரல் ஒரு பக்கம் போய் நின்றது, மறு பக்கம் போனது, திரும்பி வந்தது. கடைசியில் அவளுடைய இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே மெல்லத் தொட்டது.

"இஞ்சதான்" என்றான்.

றாவியா முழங்காலில் எழும்பி, முகத்தை வெகு கிட்டே கொண்டுவந்து, அந்த இடத்தைப் பார்த்தாள். பதியுதீன் விரலை எடுக்கவில்லை.

மற்றக் கன்னம் என்று ஹாஜறாவுக்கு நிச்சயமாகத் தெரியும். அவள் ஒன்றும் சொல்லாமல், முகத்தை அசைக்காமல் இருந்தாள்.